உங்கள் பகுதியைப் புதிய நகரமாக்கும் முயற்சியை எதிர்ப்பது எப்படி? ஜார்ஜியா கவுண்டிவாசிகளுக்கான முழுமையான வழிகாட்டி

அட்லாண்டா புறநகர்களில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களில் பல, எந்த நகரத்தின் எல்லைக்குள்ளும் வராத பகுதியில்தான் குடியேறுகின்றன. அஞ்சல் முகவரியில் கம்மிங் என்றோ ஆல்ஃபரெட்டா என்றோ இருக்கும். ஆனால் சாலை, பூங்கா, கட்டட அனுமதி, காவல் ஆகிய எல்லாவற்றுக்கும் அவர்கள் போய் நிற்பது, மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பான கவுண்டியிடம். இப்படிப்பட்ட ஒரு பகுதியில்தான் ஒரு நாள் "நமக்கென்று ஒரு நகரம்" என்ற பேச்சு தொடங்குகிறது.

2005 ஜூன் மாதம் ஃபுல்டன் கவுண்டியின் சாண்டி ஸ்பிரிங்ஸ் மக்கள் தனி நகரம் வேண்டும் என்று 94 விழுக்காடு ஆதரவோடு வாக்களித்தார்கள். அதற்குப் பிறகு ஜான்ஸ் க்ரீக், மில்டன், டன்வுடி, புரூக்ஹேவன், பீச்ட்ரீ கார்னர்ஸ், டக்கர் என்று வரிசையாக நகரங்கள் பிறந்தன. எல்லா முயற்சிகளும் வென்றுவிடவில்லை. 2015 நவம்பரில் டிகால்ப் கவுண்டியின் லாவிஸ்டா ஹில்ஸ் வெறும் 136 வாக்குகளில் தோற்றது. 2022 மே 24 அன்று காப் கவுண்டியில் ஈஸ்ட் காப், லாஸ்ட் மவுண்டன், வைனிங்ஸ் ஆகிய மூன்று திட்டங்களும் ஒரே நாளில் வீழ்ந்தன. ஈஸ்ட் காப்பில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். அதே ஆண்டு நவம்பரில் அதே கவுண்டியின் மேபிள்டன் 53 விழுக்காட்டோடு நகரமாகிவிட்டது.

எல்லாப் புதிய நகரமும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கணக்கு சரியாக இல்லாத, தேவை நிரூபிக்கப்படாத நகரத்தை எதிர்க்க வேண்டும் என்கிறேன். பிறந்துவிட்ட நகரத்தைக் கலைக்க மறுபடியும் மாநிலச் சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்பதால், எதிர்ப்பு முன்கூட்டியே எழ வேண்டும். வாசலில் பதாகை முளைத்த பிறகுதான் பெரும்பாலோர் விழித்துக்கொள்கிறார்கள். அதற்குள் வேலையில் பாதி கைநழுவிப் போயிருக்கும்.

முதல் படி: மசோதாவைத் தேடிப் படியுங்கள்

ஜார்ஜியாவில் புதிய நகரம் மாநிலச் சட்டமன்றம் இயற்றும் ஒரு சட்டத்தால் உருவாகிறது. அந்தச் சட்டமே நகரத்தின் சாசனம். ஆதரவாளர்களின் துண்டறிக்கையையோ வாட்ஸ்அப் செய்தியையோ வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மசோதாவின் எண்ணைக் கண்டுபிடித்து, சட்டமன்ற இணையதளத்திலிருந்து முழுப் பிரதியையும் இறக்கிக்கொள்ளுங்கள். நீளமாக இருக்கும், சலிப்பாகவும் இருக்கும். ஆனாலும் ஒருவராவது அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருக்க வேண்டும். அந்த ஒருவர்தான் பின்னால் உங்கள் குழுவின் முதுகெலும்பாக இருப்பார்.

படிக்கும்போது சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லை எங்கே போகிறது? வணிக வளாகங்களும் அலுவலகக் கட்டடங்களும் உள்ளே இழுக்கப்பட்டு, பக்கத்திலுள்ள வருமானம் குறைந்த பகுதி வெளியே விடப்பட்டிருக்கிறதா? சொத்து வரிக்கு உச்சவரம்பு உண்டா? உண்டென்றால் அதை உயர்த்த மக்கள் வாக்கு தேவையா, நகர மன்றத்தின் முடிவே போதுமா? வாக்கெடுப்பு எந்தத் தேதியில்? வெற்றிக்குப் பாதிக்கு மேல் போதுமா, கூடுதல் விழுக்காடு வேண்டுமா?

எந்தெந்தச் சேவைகளை நகரம் ஏற்கும் என்பது இவற்றிலெல்லாம் முக்கியமானது. ஜார்ஜியா சட்டம் 11 சேவைகளைப் பட்டியலிட்டு, அவற்றில் குறைந்தது மூன்றையாவது நகரம் வழங்க வேண்டும் என்கிறது. நில பயன்பாட்டை முடிவுசெய்யும் சோனிங், கட்டட விதிகளை அமல்படுத்துவது, குப்பை அகற்றுவது ஆகிய மூன்றோடு மட்டும் தொடங்கும் நகரங்கள் உண்டு. பீச்ட்ரீ கார்னர்ஸ் அப்படித்தான் தொடங்கியது. இப்படிப்பட்ட "இலகு நகரத்தில்" காவலும் தீயணைப்பும் கவுண்டியிடமே இருக்கும். பட்டியல் இடையில் மாறவும் கூடும். ஈஸ்ட் காப் திட்டம் பூங்கா, சோனிங், விதி அமலாக்கம் என்று தொடங்கி, பிறகு காவலையும் தீயணைப்பையும் சேர்த்துக்கொண்டது. வாக்கெடுப்புத் தேதியும் நவம்பரிலிருந்து மே மாதத்துக்கு முன்னகர்ந்தது. ஆகவே ஒவ்வொரு திருத்தப் பிரதியையும் முந்தையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: நாட்காட்டியைத் தயாரியுங்கள்

ஜார்ஜியா சட்டமன்றம் ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை கூடி 40 அமர்வு நாட்கள் நடக்கும். வழக்கமாக மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ முடிந்துவிடும். ஒற்றைப்படை ஆண்டில் அறிமுகமான மசோதா அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்கும். நகர உருவாக்க மசோதாக்கள் பொதுவாக இந்த ஈராண்டுப் பாதையில்தான் போகின்றன: முதல் ஆண்டில் அறிமுகம், இடையில் சாத்தியக்கூறு ஆய்வு, இரண்டாம் ஆண்டில் வாக்கு. இரு அவைகளிலும் நிறைவேறினால், கூட்டத்தொடர் முடிந்த பிறகு கையெழுத்திடவோ மறுக்கவோ ஆளுநருக்கு 40 நாட்கள் உண்டு. அதன் பிறகே மக்கள் வாக்கெடுப்பு.

அப்படியானால் தடுப்பதற்கு வாய்ப்புள்ள இடங்கள் எத்தனை என்று பாருங்கள். பிரதிநிதிகள் அவைக் குழு, அவை, செனட் குழு, செனட், ஆளுநர், கடைசியில் வாக்காளர். முதல் ஐந்தையும் விட்டுவிட்டு ஆறாவதுக்காகக் காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

மூன்றாம் படி: சாத்தியக்கூறு ஆய்வைப் பிரித்துப் போடுங்கள்

இதில் நேரம் செலவிடத் தயங்காதீர்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கார்ல் வின்சன் கழகம், ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் இந்த ஆய்வைச் செய்கின்றன. அதற்குப் பணம் கொடுப்பது வழக்கமாக நகரம் வேண்டும் என்று கேட்கும் குழு. ஆய்வாளர்களின் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டிய அவசியமில்லை. கேட்ட கேள்விக்குத்தான் அவர்கள் பதில் சொல்கிறார்கள் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். "இந்த வருவாயில் இந்தச் சேவைகளை நடத்த முடியுமா?" என்பதே அந்தக் கேள்வி. "இந்த நகரம் தேவையா?" என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

வருவாய்ப் பக்கத்தில் சொத்து வரி, தொழில் உரிமக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம் மீதான வரி, மது மீதான தீர்வை, மின்சாரம் மற்றும் கேபிள் நிறுவனங்கள் செலுத்தும் உரிமக் கட்டணம் ஆகியவை இருக்கும். "நகரத்தில் சொத்து வரியே கிடையாது" என்று சொல்லும் திட்டங்களும் உண்டு. அப்படியானால் மீதி வழிகளில் பணம் வருகிறது என்று பொருள். அதில் ஒரு பகுதி உங்கள் மின்கட்டண ரசீதின் வழியாகவே வரும்.

செலவுப் பக்கத்தில் என்ன இல்லை என்று தேடுங்கள். நகர மன்றத்துக்குக் கட்டடம் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? முதல் ஆண்டு வருவாய் வரும்வரை கடன் வாங்கினால் அதற்கு வட்டி எவ்வளவு? வழக்கறிஞர் செலவு, ஊழியர் ஓய்வூதியம், கவுண்டியிடமிருந்து பூங்காக்களை வாங்கும் விலை ஆகியவை கணக்கில் உள்ளனவா? ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட நகரங்கள் உங்கள் பகுதியைப் போன்றவைதானா?

பிறகு உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். ஜார்ஜியாவில் வீட்டின் சந்தை மதிப்பில் 40 விழுக்காடுதான் வரிக்குரிய மதிப்பு. ஒரு மில் என்பது அந்த மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். 5,00,000 டாலர் வீட்டின் வரிக்குரிய மதிப்பு 2,00,000 டாலர், ஆகவே விலக்குகளைக் கழிப்பதற்கு முன் ஒரு மில் வரிக்கு ஆண்டுக்கு 200 டாலர். தொகை பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் நகரவாசியானாலும் கவுண்டியின் பொது நிதிக்கான வரி தொடரும், பள்ளி வரியும் தொடரும். நகரம் எந்தச் சேவையை ஏற்கிறதோ அதற்குரிய கவுண்டி வரி உண்மையிலேயே குறைகிறதா என்று பாருங்கள். இலகு நகரத்தில் பெரும்பாலும் குறைவதற்கு ஒன்றும் இருக்காது.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாவது பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

நான்காம் படி: கவுண்டியிடம் ஆவணங்களைக் கேளுங்கள்

ஜார்ஜியாவின் திறந்த ஆவணச் சட்டப்படி கவுண்டியிடம் எழுத்து மூலம் கேட்டால் மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஆவணம் உடனே கிடைக்காவிட்டால் எப்போது கிடைக்கும், எவ்வளவு செலவாகும் என்றாவது சொல்ல வேண்டும். உங்கள் பகுதியிலிருந்து கிடைக்கும் வருவாய், அங்கு நடந்த சாலைப் பணிகள், காவல்துறை அழைப்புகளுக்கு எடுத்துக்கொண்ட நேரம், கடந்த சில ஆண்டுகளின் சோனிங் முடிவுகள் ஆகியவற்றைக் கேளுங்கள். பல்கலைக்கழகம் அரசுடையது என்பதால் ஆய்வு தொடர்பான ஆவணங்களையும் கேட்கலாம். சட்டமன்றமோ இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆகவே உறுப்பினர்களின் மின்னஞ்சல்களைக் கேட்டுப் பயனில்லை.

சோனிங் ஆவணங்களைத் தவறவிடாதீர்கள். அட்லாண்டா புறநகர்களில் புதிய நகரக் கோரிக்கையின் அடியில் பெரும்பாலும் இருப்பது "கவுண்டி கண்டபடி அடுக்குமாடிகளுக்கு அனுமதி கொடுக்கிறது" என்ற கோபம். அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கலாம். எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, கவுண்டி ஆணையத்தில் உங்கள் பகுதியின் ஆணையர் எப்படி வாக்களித்தார் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் காதுகொடுப்பார்.

கவுண்டி அதிகாரிகள் தகவல் தரலாம். பொதுப்பணத்தில் பிரசாரம் செய்ய முடியாது. உங்களுக்காகத் துண்டறிக்கை அச்சிட்டுத் தருமாறு அவர்களைக் கேட்டு, அவர்களையும் உங்களையும் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: சட்டமன்றப் படியேறுங்கள்

பிரதிநிதிகள் அவையின் அரசு விவகாரக் குழுவிலும், செனட்டின் மாநில, உள்ளாட்சிச் செயல்பாட்டுக் குழுவிலும் இந்த மசோதாக்கள் விசாரணைக்கு வருகின்றன. முன்னறிவிப்பு சில வேளைகளில் ஒரே நாள்தான் இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய தடை. எனவே பகலில் உடனே கிளம்பக்கூடிய நான்கைந்து பேரின் பட்டியல் எப்போதும் தயாராக இருக்கட்டும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரைக் கூட்டம் சேர்க்க அழைத்துப்போகாதீர்கள். உறுப்பினர்கள் தேடுவது அந்தத் தொகுதியின் வாக்காளர்களை.

பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். ஒருவர் வரியைப் பற்றிப் பேசட்டும், இன்னொருவர் எல்லையைப் பற்றி, மற்றொருவர் ஆய்வில் விடுபட்ட செலவைப் பற்றி. ஐந்து பேரும் ஒரே கருத்தைச் சொன்னால் ஒருவர் பேசியதாகவே கணக்கு.

மசோதாவை நிறுத்த முடியாது என்று தெரிந்தால் திருத்தங்களைக் கேளுங்கள். பலர் இதைத் தோல்வி என்று நினைக்கிறார்கள். என் பார்வையில் எதிர்ப்பாளரின் கையிலுள்ள மிக வலிமையான கருவி இதுதான். தமிழர்களும் பிற இந்தியர்களும் நிறைய வாழும் தெற்கு ஃபோர்சித் கவுண்டியில் 2018 மே மாதம் ஷாரன் ஸ்பிரிங்ஸ் என்ற நகரத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் வேண்டும் என்றுதான் வாக்களித்தார்கள். ஆனால் வெற்றிக்கு 57.5 விழுக்காடு தேவை என்று மசோதாவிலேயே எழுதப்பட்டிருந்தது. நகரம் பிறக்கவில்லை. ஒரு ஊரின் ஆட்சிமுறையையே மாற்றும் முடிவுக்குச் சிறு பெரும்பான்மை போதாது என்ற வாதம் நியாயமானது, கேட்கவும் எளிது. வாக்கெடுப்பை அதிகம் பேர் வாக்களிக்கும் நவம்பரில் வைக்க வேண்டும் என்பதும், வரி உச்சவரம்பை மக்கள் வாக்கின்றி உயர்த்தக் கூடாது என்பதும் அப்படிப்பட்ட கோரிக்கைகளே.

எங்கள் குடியிருப்பை மட்டும் எல்லையிலிருந்து நீக்கிவிடுங்கள் என்று கேட்பதும் நடக்கிற ஒன்றுதான். அதைக் கடைசி வழியாக வையுங்கள். உங்களோடு நின்ற அடுத்த தெருக்காரர்களை விட்டுவிட்டுப் போவதாக அது ஆகிவிடும்.

சட்டமன்றத்திலேயே தடுக்க முடியும் என்பதற்கு 2023 சாட்சி. அட்லாண்டா நகரத்திலிருந்து அதன் பக்ஹெட் பகுதியைப் பிரிக்கும் மசோதா, வேறு வகைப் பிரிவினைதான் என்றாலும், மார்ச் 2 அன்று செனட்டில் 33க்கு 23 என்று தோற்றது. கடன் பத்திரங்கள், பள்ளிகள் பற்றிய சட்டக் கேள்விகள் ஆளுநர் அலுவலகத்திலிருந்தே எழுந்திருந்தன. உங்கள் மசோதாவிலும் அப்படி ஒரு சட்டச் சிக்கல் இருந்தால், உள்ளாட்சிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்குங்கள். அந்தச் செலவு வீண்போகாது.

ஆறாம் படி: குழுவும் பணமும்

பணம் திரட்டுவதற்கு முன், பிரசார நிதியைக் கண்காணிக்கும் மாநில நெறிமுறை ஆணையத்தின் விதிகளைப் பார்த்து, தேவையானால் வாக்கெடுப்புப் பிரசாரக் குழுவாகப் பதிவுசெய்யுங்கள். தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். கணக்குப் பார்ப்பவர் கறாரானவராக இருக்கட்டும். பதாகைகளைத் தனியார் நிலத்தில் அனுமதியோடு மட்டும் நடுங்கள். சாலையோரப் பொது நிலத்தில் நட்டால் அகற்றிவிடுவார்கள்.

நம்மவர்களுக்குச் சில கூடுதல் எச்சரிக்கைகள். அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் தவறுதலாக வாக்காளராகப் பதிந்தால்கூட குடியுரிமை விண்ணப்பம் பாழாகலாம், நாடுகடத்தல் வரை போகலாம். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது படிவத்தைக் கவனமாகப் பாருங்கள். விசாவில் இருப்பவர்கள் தேர்தல் பிரசாரத்துக்குப் பணம் தராமல் இருப்பதே பாதுகாப்பு. ஆனால் அவர்களுக்கும் பேச்சுரிமை உண்டு. கவுண்டிக் கூட்டங்களில் பேசலாம், கடிதம் எழுதலாம், சம்பளமில்லாமல் தொண்டாற்றலாம். வீட்டு வரியைக் கட்டுகிறவர்கள் அவர்களும்தானே.

தமிழ்ச் சங்கமோ கோயிலோ வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனமாக இருந்தால், மசோதாவுக்கு எதிராகப் பிரசாரம் செய்ய வரம்பு உண்டு. இரு தரப்பையும் அழைத்து நடுநிலையான தகவல் கூட்டம் நடத்தச் சொல்லுங்கள். உண்மையில் அதுவே கூடுதல் பயன் தரும்.

ஏழாம் படி: வீடுவீடாகப் பேசுங்கள்

பதாகைப் போட்டியில் பணம் அதிகமுள்ள தரப்பு வெல்லும். வாசற்படிப் பேச்சில் அப்படியில்லை. ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இன்று கவுண்டி செய்யாத எதை நாளை இந்த நகரம் செய்யப்போகிறது, யாருடைய பணத்தில்? ஆதரவாளர்களிடம் நல்ல பதில் இருந்தால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் "உள்ளூர்க் கட்டுப்பாடு" என்ற சொல்தான் வரும். எதன் மீது கட்டுப்பாடு என்று மேலும் கேளுங்கள். ஏற்கெனவே அனுமதி பெற்ற திட்டங்களைப் புதிய நகரம் எளிதில் ரத்துசெய்துவிட முடியாது என்பது பலருக்குத் தெரியாது.

பொய்யைத் தொடாதீர்கள். நம் குடும்பங்களிடையே மிக வேகமாகப் பரவும் வதந்தி, "நகரம் வந்தால் பள்ளி மாறிவிடும்" என்பது. பள்ளிக்காகவே அந்தப் பகுதியில் வீடு வாங்கியவர்களை இது உடனே கலங்கடிக்கும். ஆனால் ஜார்ஜியா அரசியலமைப்பு புதிய தனிப் பள்ளி மாவட்டங்களை உருவாக்கவே அனுமதிப்பதில்லை. நகரம் வந்தாலும் கவுண்டிப் பள்ளி மாவட்டம்தான். "பள்ளி மேம்படும்" என்று ஆதரவாளர் சொன்னாலும் இதே பதிலைச் சொல்லுங்கள். நம் தரப்பில் ஒருவர் இந்த வதந்தியைப் பரப்பினால் அன்றே மறுத்துவிடுங்கள். ஒரு பொய் அம்பலமானால் கஷ்டப்பட்டுப் போட்ட வரிக்கணக்கையும் யாரும் நம்பமாட்டார்கள்.

எல்லைக்குள் இருப்பவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். எல்லைக்கு வெளியே, கவுண்டியின் மீதிப் பகுதியில் இருப்பவர்களுக்கு வாக்கில்லை, கவுண்டியின் வருவாய் நகரத்துக்குப் போவதால் வரும் இழப்பு மட்டும் உண்டு. அவர்களுடைய குரலைக் கவுண்டி ஆணையர்களிடமும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் கொண்டுபோங்கள்.

எட்டாம் படி: வாக்குப்பதிவு

பதிவுக்குக் கடைசி நாள், தேர்தலுக்கு முந்தைய ஐந்தாவது திங்கட்கிழமை. முன்கூட்டிய வாக்குப்பதிவு ஏறக்குறைய மூன்று வாரம் நடக்கும், இரண்டு சனிக்கிழமைகள் உட்பட. கட்சிகள் தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மே மாத முதற்கட்டத் தேர்தலோடு வாக்கெடுப்பு வந்தால், எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள். கட்சி சொல்லத் தயங்கியே வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கட்சி சாராத வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம், நகரக் கேள்வி அதிலும் இருக்கும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். லாவிஸ்டா ஹில்ஸின் 136 வாக்குகளை நினைத்தால், ஒரே ஒரு குடியிருப்பு முழுதாக வந்து வாக்களித்தாலே முடிவு மாறிவிடும் என்பது புரியும்.

வேறு மாநிலத்தில் இருந்தால்

பாதை மாறும். லூசியானாவில் பதிவுபெற்ற வாக்காளர்களில் 25 விழுக்காட்டினரின் கையெழுத்தோடு மனு கொடுக்க வேண்டும். பேட்டன் ரூஜ் அருகே செயின்ட் ஜார்ஜ் நகர முயற்சி 2015இல் 71 கையெழுத்துகள் குறைந்து நின்றுபோனது. போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுமாறு எதிர்ப்பாளர்கள் மக்களிடம் கேட்டிருந்தார்கள். ஆனால் 2019இல் திட்டம் மீண்டும் வந்து 54 விழுக்காட்டோடு வென்றது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2024 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்று நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கவுண்டியிலும் எல்லைகளைத் தீர்மானிக்கும் ஆணையம் ஒன்று உண்டு. பிரியும் நகரத்தால் கவுண்டியின் வருவாய் பாதிக்கப்படாமல் இருக்க ஏற்பாடு வேண்டும் என்பது அங்கே சட்டம். 2012இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் விண்ணப்பம் அந்த ஆணையத்திலேயே நின்றது. அங்கே உங்கள் போர்க்களம் வாக்குச்சாவடியைவிட அந்த விசாரணை அறைதான்.

முடிவு வந்த பிறகு

தோற்றால், வாக்கெண்ணிக்கையை எதிர்த்து வழக்குப் போட ஜார்ஜியாவில் முடிவு சான்றளிக்கப்பட்டதிலிருந்து ஐந்து நாட்கள்தான் அவகாசம். சாசனமே செல்லாது என்ற வழக்கு வேறு வகை. மேபிள்டன் உருவான பிறகு அதன் ஓரப் பகுதிகளில் சிலர் செய்ததைப் போல, எல்லையிலிருந்து பிரிய விரும்பினால் மீண்டும் சட்டமன்றத்தைத்தான் நாட வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் முதல் நகர மன்றத் தேர்தலில் உங்கள் குழுவிலிருந்தே ஒருவர் நிற்கட்டும். சாசனத்தை முழுதாகப் படித்த வேட்பாளர் அவராகத்தான் இருப்பார்.

வென்றால் நெறிமுறை ஆணையத்துக்குத் தர வேண்டிய கணக்கைத் தந்து முடியுங்கள். தொடர்புப் பட்டியலை அழிக்காதீர்கள். அடுத்த ஜனவரியில் எல்லையை மாற்றி இன்னொரு மசோதா வரக்கூடும். இடைப்பட்ட மாதங்களில் கவுண்டியின் திட்டக் குழுவும் ஆணையமும் நடத்தும் சோனிங் விசாரணைகளுக்குப் போய் உட்காருங்கள். தனி நகரம் கேட்டு வாக்களித்த பக்கத்து வீட்டுக்காரரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.